கல்லூரி ரன்னிங் பேக்குகளைத் தரவரிசைப்படுத்துவது எப்படி? டைனஸ்டி லீக்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் என்.எஃப்.எல். அதன் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதே டிராஃப்ட். 2017 டிராஃப்டுக்கு வந்த ரன்னிங் பேக்குகளில் (பந்தோடு ஓடுபவர்களில்) டொனல் பம்ஃப்ரியின் கல்லூரிக் கணக்கு மலைக்க வைப்பது. சான் டியேகோ ஸ்டேட் அணிக்காக நான்கு ஆண்டுகளில் 6,405 யார்டு ஓடியிருந்தார். அதே டிராஃப்டுக்கு வந்த ஆல்வின் கமாரா, டென்னசி அணியில் ஒரு சீசனில்கூட 700 யார்டைத் தொட்டதில்லை. கடைசி ஆண்டில் அவருக்குக் கிடைத்தது 103 கேரி (பந்தோடு ஓடிய தடவைகள்), 596 யார்டு. கமாராவை மூன்றாம் சுற்றில் நியூ ஆர்லியன்ஸ் எடுத்தது. முதல் ஆண்டிலேயே 81 பந்துகளைப் பிடித்து, தாக்குதல் பிரிவின் சிறந்த புதுமுகம் என்ற விருதை வாங்கினார். பம்ஃப்ரியை நான்காம் சுற்றில் பிலடெல்பியா எடுத்தது. அவர் என்.எஃப்.எல்.லில் காலூன்றவே இல்லை.

கல்லூரியில் யார் அதிகம் ஓடினார் என்ற பட்டியலை இணையத்தில் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். அதை அப்படியே டிராஃப்டுக்குக் கொண்டுபோனால் பம்ஃப்ரி மேலேயும் கமாரா கீழேயும் இருப்பார்கள். நாம் போட வேண்டிய வரிசை வேறொரு கேள்விக்கான பதில்: அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒரு என்.எஃப்.எல். அணி யார் கையில் திரும்பத் திரும்பப் பந்தைக் கொடுக்கும்? கீழே உள்ள எல்லாமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

அமெரிக்கக் கால்பந்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவர்களுக்குச் சில சொற்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடமிருந்து பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக். அப்படி ஒருமுறை ஓடுவது ஒரு கேரி. அவரே எறியப்பட்ட பந்தைப் பிடித்தால் அது ரிசெப்ஷன். நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களுடைய ஆட்டக் கணக்குக்குப் புள்ளி பெறுவது ஃபேன்டஸி ஃபுட்பால். அதில் ஆட்டக்காரர்களை ஆண்டுக்காண்டு விடாமல் வைத்துக்கொள்ளும் வகைக்கு டைனஸ்டி லீக் என்று பெயர். அதில் ஒவ்வோர் ஆண்டும் கல்லூரியிலிருந்து வரும் புதியவர்களை மட்டும் பங்கிட்டுக்கொள்வது ரூக்கி டிராஃப்ட். பெரும்பாலான லீக்குகளில் 12 அணிகள், நான்கு அல்லது ஐந்து சுற்றுகள் இருக்கும். முதல் சுற்றின் ஐந்தாவது தேர்வை 1.05 என்று எழுதுவார்கள்.

முதலில் உங்கள் லீக்கின் விதியைப் படியுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பரவலாக உள்ள கணக்கு இது: 10 யார்டுக்கு 1 புள்ளி, எதிரணியின் இறுதிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு 6, ஃபம்பிள் செய்து (நழுவவிட்டு) பந்தை எதிரணியிடம் இழந்தால் 2 கழியும். ரிசெப்ஷனுக்கு என்ன தருகிறார்கள் என்பதில்தான் லீக்குக்கு லீக் வேறுபாடு. முழுப் புள்ளி தந்தால் பி.பி.ஆர்., அரைப் புள்ளி தந்தால் ஹாஃப் பி.பி.ஆர்., எதுவும் தராவிட்டால் ஸ்டாண்டர்டு.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று போட்டுப் பாருங்கள். ஒரு கேரியில் சராசரியாக 4.3 யார்டு கிடைத்தால் அது 0.43 புள்ளி. பி.பி.ஆர். லீக்கில் ஒரு ரிசெப்ஷன் 7.5 யார்டுக்குப் போனால் 1.75 புள்ளி. பிடித்த ஒரு பந்து, ஓடிய நான்கு கேரிக்குச் சமம். ஆகவே பி.பி.ஆர். லீக்குக்குப் போட்ட வரிசையை ஸ்டாண்டர்டு லீக்குக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு குவார்ட்டர்பேக்குகளை ஆட வைக்க அனுமதிக்கும் சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக்காக இருந்தால், முதல் சுற்றில் குவார்ட்டர்பேக்குகள் மளமளவென்று போய்விடுவார்கள். ரன்னிங் பேக்குகளுக்குள் இருக்கும் வரிசை அதனால் மாறாது. அவர்களை எந்தத் தேர்வில் எடுக்கலாம் என்பது மட்டும் இரண்டு மூன்று இடம் பின்னால் தள்ளும்.

பெயர்ப் பட்டியலும் நாள்காட்டியும்

உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆனவர்களே என்.எஃப்.எல். டிராஃப்டுக்கு வர முடியும். கல்லூரியில் ஆட ஆண்டு மீதமிருந்தும் முன்கூட்டியே வர விரும்புபவர்கள் ஜனவரி நடுவில் அறிவித்துவிடுவார்கள். அதன்பின் அலபாமாவின் மொபைல் நகரில் சீனியர் பௌல் என்ற காட்சி ஆட்டம், பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ இண்டியானாபொலிஸில் கம்பைன் எனப்படும் உடல்திறன் சோதனை, மார்ச்சில் கல்லூரிகளே நடத்தும் சோதனை நாளான புரோ டே, ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். டைனஸ்டி லீக்குகள் பெரும்பாலும் மே மாதம் ரூக்கி டிராஃப்டை வைத்துக்கொள்ளும்.

ஜனவரிக் கெடு முடிந்ததும் 25 முதல் 30 பெயர்களை ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றுங்கள். கம்பைனுக்கு முன்பே முதல் வரிசையைப் போட்டுத் தேதியுடன் தனித் தாளில் வைத்துவிடுங்கள். அந்தத் தாளை மறுபடி தொடவே கூடாது. கம்பைனில் ஒருவர் வேகமாக ஓடிவிட்டார் என்றதும் எல்லோரும் அவரைத் தூக்கி மேலே வைப்பார்கள். நீங்கள் எவ்வளவு தூக்கினீர்கள் என்று தெரிய வேண்டுமானால் பழைய தாள் கையில் இருக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு: முதல் சுற்று அமெரிக்கக் கிழக்கு நேரப்படி வியாழன் இரவு 8 மணிக்குத் தொடங்கும், நமக்கு வெள்ளி அதிகாலை 5.30. இரண்டாம், மூன்றாம் சுற்றுகள் சனி அதிகாலை. ரன்னிங் பேக்குகளில் பாதிக் கதை அந்தச் சனிக்கிழமை அதிகாலையில்தான் நடக்கும். ஒரு நாள்தான் எழ முடியும் என்றால் அன்றைக்கு எழுந்திருங்கள்.

கல்லூரிக் கணக்கை வாசிப்பது

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. எண்கள் நிறையக் கிடைக்கின்றன, எல்லாம் நம்பும்படியாகவே தெரிகின்றன.

ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் தளத்தின் கல்லூரிப் பக்கத்தில் ஒவ்வொருவருடைய ஆட்டவாரிக் கணக்கும் இலவசமாகக் கிடைக்கும். ஷீட்டில் இந்தப் பத்திகள் போதும்: ஆடிய ஆட்டங்கள், கேரி, யார்டு, டச்டவுன், ரிசெப்ஷன், ரிசெப்ஷன் யார்டு, ஃபம்பிள், அணியின் மற்ற ரன்னிங் பேக்குகளுக்குக் கிடைத்த கேரி. ஒருவர் கல்லூரி மாறியிருந்தால் பழைய கல்லூரியின் கணக்கையும் தேடி எடுங்கள். ஜாமீர் கிப்ஸ் அலபாமாவுக்கு வருமுன் ஜார்ஜியா டெக்கில் ஆடினார். கென்னத் வாக்கர் மிச்சிகன் ஸ்டேட்டில் 2021இல் 1,636 யார்டு எடுக்குமுன் வேக் ஃபாரஸ்டில் இருந்தார். மாறிய ஆண்டின் கணக்கை மட்டும் பார்த்தால் ஆள் திடீரென்று முளைத்தவர்போலத் தெரியும்.

மொத்த யார்டை நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஒரு கல்லூரி அணி சீசனில் 12 ஆட்டம் ஆடும். இன்னொன்று மாநாடு எனப்படும் தன் அணிக் குழுவின் இறுதி ஆட்டம், பிளேஆஃப் எல்லாம் சேர்த்து 14, 15, 16 என்று ஆடும். எனவே ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொள்ளுங்கள். பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2024இல் 14 ஆட்டங்களில் 374 கேரிக்கு 2,601 யார்டு எடுத்தார்; ஓர் ஆட்டத்துக்கு 186 யார்டுக்குச் சற்றுக் குறைவு. ஓக்லஹோமா ஸ்டேட்டின் பாரி சாண்டர்ஸ் 1988இல் எடுத்த 2,628 யார்டு சாதனைக்கு அவர் 27 யார்டு பின்னே நின்றார். ஆனால் சாண்டர்ஸ் கணக்கு 11 ஆட்டங்களுக்கானது. 2002க்கு முன், பௌல் எனப்படும் சீசன் முடிவுச் சிறப்பு ஆட்டங்களைச் சாதனைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பழைய ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டு எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அடுத்து, எதிரணி. பெரிய கல்லூரிகள் சீசன் தொடக்கத்தில் எஃப்.சி.எஸ். எனப்படும் கீழ்ப்பிரிவு அணி ஒன்றை அழைத்து ஆடுவது வழக்கம். அந்த ஆட்டத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சத்தில் வலுவான தடுப்பு உள்ள இரண்டு மூன்று எதிரணிகளுக்கு எதிராக என்ன செய்தார் என்று தனியாக எழுதுங்கள். ஜென்டி சிறிய மாநாட்டில் ஆடியவர். ஆனால் ஓரிகனுக்கு எதிராக 192 யார்டும் மூன்று டச்டவுனும் எடுத்தார். பென் ஸ்டேட்டுக்கு எதிரான ஃபியஸ்டா பௌலில் 30 கேரிக்கு 104 யார்டுதான் கிடைத்தது. இந்த இரண்டு ஆட்டங்களின் முழு வீடியோவைப் பார்ப்பது, மற்ற 12 ஆட்டங்களின் சிறப்புத் தொகுப்பைப் பார்ப்பதைவிட அதிகம் சொல்லித் தரும். சிறப்புத் தொகுப்பில் எல்லோருமே நல்ல ஆட்டக்காரர்கள்தான்.

அணியின் ஓட்டத்தில் இவருக்கு எத்தனை பங்கு என்பதைக் கணக்கிடும்போது ஒரு பொறி இருக்கிறது. கல்லூரி விதியில், குவார்ட்டர்பேக்கை எறியுமுன் மடக்கி வீழ்த்தினால் இழந்த யார்டு அணியின் ஓட்டக் கணக்கிலிருந்து கழியும். என்.எஃப்.எல்.லில் அது எறிதல் கணக்கிலிருந்து கழியும். ஓர் அணி உண்மையில் 2,200 யார்டு ஓடி, அப்படி 200 யார்டை இழந்திருந்தால் தாளில் 2,000 என்றுதான் இருக்கும். 1,100 யார்டு எடுத்தவரின் பங்கு 50 சதவீதத்துக்குப் பதில் 55 என்று தெரியும். இதைத் தவிர்க்க அணியின் மொத்தத்தை விட்டுவிட்டு, ரன்னிங் பேக்குகளின் கேரியை மட்டும் கூட்டி அதில் இவருடைய பங்கைப் பாருங்கள்.

பங்கு 60 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்லது. குறைந்தால் உடனே தள்ளிவிட வேண்டாம். பங்கைப் பிரித்துக்கொண்டவர் யார் என்று கேளுங்கள். ஒஹையோ ஸ்டேட்டில் 2024இல் குயின்ஷான் ஜட்கின்ஸ் 194 கேரிக்கு 1,060 யார்டு, ட்ரெவியான் ஹெண்டர்சன் 144 கேரிக்கு 1,016 யார்டு. இருவருக்கும் பாதிப் பங்குதான். இருவரும் 2025 டிராஃப்டில் 36, 38ஆம் தேர்வுகளில் போனார்கள். இன்னொரு கோணம் அலபாமா, 2018. அங்கே அதிகக் கேரி பெற்றவர் டேமியன் ஹாரிஸ். ஜாஷ் ஜேகப்ஸுக்கு 120 கேரி, 640 யார்டு மட்டுமே. என்.எஃப்.எல். ஜேகப்ஸை 24ஆம் தேர்வாகவும் ஹாரிஸை 87ஆம் தேர்வாகவும் எடுத்தது. 2022இல் ஜேகப்ஸ் 1,653 யார்டுடன் என்.எஃப்.எல்.லிலேயே முதலிடம். நட்சத்திரங்கள் நிறைந்த அணியில் குறைந்த பங்கு குறையல்ல. சுமாரான அணியில், பெயர் தெரியாத ஒருவரோடு பாதியாகப் பிரித்துக்கொண்டவர் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு கேரிக்கு எத்தனை யார்டு என்ற எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. முன்னால் நின்று வழி திறந்துவிடும் சொந்த அணி வரிசை நன்றாக இருந்தால் அது தானாக ஏறும். அதைவிட, எதிராளி இடித்த பிறகு எடுத்த யார்டும், எதிராளியிடமிருந்து தப்பிய பிடிகளின் எண்ணிக்கையும் ஆளின் சொந்தத் திறமையைக் காட்டும். பி.எஃப்.எஃப். நிறுவனம் இவற்றைக் கணக்கெடுக்கிறது. சந்தா தேவைப்படும், ஆனால் டிராஃப்ட் காலத்தில் வரும் கட்டுரைகளில் முக்கியமானவர்களின் எண்கள் எப்படியும் வந்துவிடும். இடித்த பிறகு ஒரு கேரிக்கு 3 யார்டு சாதாரணம், 3.5 நல்லது, 4ஐத் தாண்டினால் அபூர்வம். தப்பிய பிடிகளைக் கேரியால் வகுத்தால் 0.25 நல்ல எண். டெக்ஸஸின் பிஜான் ராபின்சன் 2022இல் 258 கேரியில் 104 பிடிகளை உதறினார், அதாவது 0.40. அவர் எட்டாம் தேர்வாகப் போனதில் வியப்பில்லை.

ஃபம்பிளுக்கு அதிகம் பயப்பட வேண்டாம். நூறு தொடுதலுக்கு ஒன்று என்பது வழக்கம். விஸ்கான்சினில் ஜொனதன் டெய்லர் 926 கேரி சுமந்து 18 முறை நழுவவிட்டார், அதையே பெரிய குறையாகப் பேசினார்கள். ‘கல்லூரியிலேயே தேய்ந்துவிட்டார்’ என்றும் சொன்னார்கள். 2021இல் அவர் 1,811 யார்டுடன் என்.எஃப்.எல்.லில் முதலிடத்தில் இருந்தார்.

பந்து பிடிக்கத் தெரியுமா?

பி.பி.ஆர். லீக்கில் இதைத் தனிப் பத்தியாகவே மதிப்பிடுங்கள். ஓர் ஆட்டத்துக்கு மூன்று ரிசெப்ஷன் இருந்தால் கல்லூரி அளவில் மிக நல்லது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே என்றால் போதுமானது. ஒன்றுக்கும் கீழே என்றால் காரணம் தேட வேண்டும். சில கல்லூரிகள் ரன்னிங் பேக்குக்குப் பந்தை எறிவதே இல்லை. டெய்லர் முதல் இரண்டு ஆண்டுகளில் தலா 8 பந்துதான் பிடித்தார். மூன்றாம் ஆண்டில் 26. கடைசி ஆண்டில் இப்படி எண்ணிக்கை ஏறியிருந்தால், கையில் பழுதில்லை, அழைப்புதான் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று புள்ளிக் கணக்கில் வராது, ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும் எதிராளியை மறிக்கத் தெரிய வேண்டும். மறிக்கத் தெரியாத புதியவரைப் பயிற்சியாளர் மூன்றாம் டவுனில் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது, பெரும்பாலும் பந்தை எறியும் வேளை) களத்தில் விட மாட்டார். களத்தில் இல்லாதவர் பந்து பிடிக்கவும் முடியாது. சீனியர் பௌல் பயிற்சிகளில் ரன்னிங் பேக்குகளும், தடுப்புப் பக்கத்து லைன்பேக்கர்களும் ஒருவரோடு ஒருவர் மோதும் பயிற்சி ஒன்று உண்டு. அதன் வீடியோக்கள் வெளிவரும். பத்து நிமிடம் பார்த்தாலே யார் பின்வாங்குகிறார் என்று தெரிந்துவிடும்.

உடம்பும் வேகமும்

கம்பைனில் எடுத்த எடையை மட்டும் ஏற்றுங்கள். கல்லூரித் தளங்கள் உயரத்தில் ஓர் அங்குலமும் எடையில் நாலைந்து பவுண்டும் கூட்டிச் சொல்வது சகஜம். ஓட்ட நேரத்திலும் இதே கதைதான்: கம்பைனில் 40 யார்டு ஓட்டம் மின்னணுக் கருவியால் அளக்கப்படும், புரோ டேயில் கையால் அழுத்தும் நிறுத்துக் கடிகாரம். அங்கே கிடைத்த நேரத்தோடு 0.05 வினாடியைக் கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

வேகத்தை எடையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதற்கு பில் பார்ன்வெல் 2008இல் கொடுத்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது, பெயர் ஸ்பீடு ஸ்கோர்:

பவுண்டில் எடை × 200 ÷ 40 யார்டு நேரத்தின் நான்காம் அடுக்கு

100 என்பது சராசரி. டெய்லர் 226 பவுண்டு, 4.39 வினாடி: ஏறத்தாழ 122. கிப்ஸ் 199 பவுண்டு, 4.36 வினாடி: 110. கைரன் வில்லியம்ஸ் 194 பவுண்டு, 4.65 வினாடி: 83. ஷீட்டில் ஒருமுறை எழுதிவிட்டால் எல்லோருக்கும் இழுத்துவிடலாம். 190 பவுண்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எண் நன்றாக வந்தாலும் ஒரு படி குறைத்தே வைக்கிறேன். 188 பவுண்டில் டெவான் ஏச்சேன் மயாமியில் முதல் ஆண்டு 103 கேரிக்கு 800 யார்டு எடுத்தார் என்பது உண்மை, ஆனால் 4.32 வினாடி ஓடும் ஆளை ஆண்டுதோறும் எதிர்பார்க்க முடியாது. பம்ஃப்ரி 180 பவுண்டுகூட இல்லை.

வயதை, முதல் சீசன் தொடங்கும் செப்டம்பரில் எத்தனை என்று குறியுங்கள். ரன்னிங் பேக்குகள் 27, 28இல் இறங்கத் தொடங்கிவிடுகிறார்கள். 21இல் வருபவருக்கும் 24இல் வருபவருக்கும் நடுவே மூன்று நல்ல ஆண்டுகள் இருக்கின்றன. கொரோனா காலத்து 2020 சீசனைக் கல்லூரிகள் கணக்கில் சேர்க்காமல் ஓராண்டு கூடுதலாகத் தந்ததால், அண்மைய டிராஃப்டுகளில் வயது கூடியவர்கள் நிறைய வந்தார்கள். 2025இல் டென்வர் 60ஆம் தேர்வாக எடுத்த ஆர்.ஜே. ஹார்விக்கு அப்போதே 24.

எத்தனையாவது தேர்வில் போனார்?

மற்ற எல்லாப் பத்திகளையும்விட இதற்கு அதிக எடை கொடுங்கள். டிராஃப்டில் 32 அணிகளும் சேர்ந்து ஆயிரக்கணக்கான மணி நேரம் செலவிட்டுப் போட்ட தரவரிசை அது. மருத்துவ அறிக்கை, பயிற்சியாளர்களின் ரகசியக் கருத்து என்று நமக்குக் கிடைக்காதவை எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. அதைவிட முக்கியம், உயர்ந்த தேர்வைச் செலவழித்த அணி அவரை ஆட வைத்தே தீரும். பந்தியில் முதல் வரிசையில் உட்கார வைத்தவருக்கு இலை நிறையத்தான் விழும்.

இதற்கு நல்ல சான்று, பலரும் தோல்வி என்று சொல்லும் ட்ரென்ட் ரிச்சர்ட்சன். 2012இல் கிளீவ்லண்ட் அவரை மூன்றாம் தேர்வாக எடுத்தது. ஒரு கேரிக்கு 3.6 யார்டு என்பது மோசமான எண். ஆனால் 267 கேரி கொடுத்தார்கள். 950 யார்டு, 51 ரிசெப்ஷன், மொத்தம் 12 டச்டவுன். பி.பி.ஆர். கணக்கில் 250க்கும் மேல் புள்ளி. அடுத்த செப்டம்பரில் அவரை இண்டியானாபொலிஸுக்கு விற்றுவிட்டார்கள், பிறகு எழவே இல்லை. முதல் ஆண்டு முடிந்ததும் விற்ற ஃபேன்டஸி மேலாளருக்கு நஷ்டமில்லை.

விதிவிலக்குகள் உண்டு. கைரன் வில்லியம்ஸ் 2022இல் 164ஆம் தேர்வு. அடுத்த ஆண்டு 12 ஆட்டங்களில் 1,144 யார்டு. ஐசையா பச்சேகோ அதே டிராஃப்டில் 251ஆம் தேர்வு. யாரும் எடுக்காமல் விட்ட ஜேம்ஸ் ராபின்சன் 2020இல் ஜாக்சன்வில்லில் 1,070 யார்டு. இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் கடைசிச் சுற்று ஆட்களை மேலே ஏற்றுவார்கள். இவர்களோடு அதே சுற்றுகளில் போய் ஓராண்டில் காணாமல் போனவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை.

எந்த அணிக்குப் போனார் என்பதைத் தேர்வு எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 2020இல் கான்சாஸ் சிட்டி 32ஆம் தேர்வாக கிளைடு எட்வர்ட்ஸ்-ஹெலேரை எடுத்தது. பேட்ரிக் மஹோம்ஸோடு ஆடப் போகிறார் என்பதாலேயே பல லீக்குகளில் அவர் 1.01. டெய்லர் 41ஆம் தேர்வாக இண்டியானாபொலிஸ் போனார். அங்கே மார்லன் மேக் இருக்கிறாரே என்று தயங்கினார்கள். சீசனின் முதல் வாரமே மேக்குக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. முதல் ஆண்டில் டெய்லர் 1,169 யார்டு, எட்வர்ட்ஸ்-ஹெலேர் 803. அணியின் சூழல் ஒரு காயத்தில் மாறும், ஒரு பயிற்சியாளர் போனால் மாறும். ஆளின் உடம்பும் திறமையும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. இருவர் ஏறத்தாழச் சமம் என்றால் மட்டும் அணியைப் பாருங்கள். அப்போதும் இரண்டு கேள்வி போதும். முன்னே நிற்கும் ஆட்டக்காரரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது? டச்டவுன் கோட்டுக்கு அருகே குவார்ட்டர்பேக்கே பந்தை எடுத்துக்கொண்டு நுழைகிறாரா? பிலடெல்பியாவில் 2024இல் சேக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடி 13 டச்டவுன் எடுத்தார். குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் ஓடியே 14 எடுத்தார்.

மதிப்பெண் தாள்

நூற்றுக்கு இப்படிப் பிரிக்கலாம்: டிராஃப்ட் இடம் 40, ஓட்டத் திறன் 25, பந்து பிடித்தல் 20, உடம்பும் வேகமும் 10, வயது 5. ஸ்டாண்டர்டு லீக் என்றால் பந்து பிடித்தலிலிருந்து 10ஐ எடுத்து ஓட்டத்தில் சேருங்கள்.

டிராஃப்ட் இடத்துக்குச் சுற்றை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். 32க்கும் 41க்கும் உண்மையில் வேறுபாடு கிடையாது, சுற்று மட்டும்தான் வேறு. முதல் 15 தேர்வுகளுக்கு 40, 16 முதல் 50 வரை 34, 51–80க்கு 26, 81–105க்கு 20, அதன்பின் நான்காம் சுற்று மிச்சத்துக்கு 14, ஐந்தாம் சுற்றுக்கு 8, ஆறு ஏழுக்கு 4. எடுக்கப்படாதவருக்குச் சுழியம். ஓர் ஆட்டத்துக்கு மூன்று ரிசெப்ஷனுக்கு மேல் 16 முதல் 20, இரண்டுக்கு மேல் 10 முதல் 15, ஒன்றுக்கு மேல் 5 முதல் 9. ஸ்பீடு ஸ்கோர் 110க்கு மேல் 9 அல்லது 10, 100க்கு மேல் 6 முதல் 8, 90க்கு மேல் 3 முதல் 5. வயது 21க்கு 5, 22க்கு 4, 23க்கு 2, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஓட்டத் திறனுக்கான 25 மட்டும் மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்து நீங்களாகப் போடுவது.

2025இலிருந்து இருவரைப் போட்டுப் பார்ப்போம். ஐயோவாவின் கேலப் ஜான்சன் 240 கேரிக்கு 1,537 யார்டு, 21 டச்டவுன், கேரிக்கு 6.4. வட கரோலினாவின் ஒமாரியன் ஹாம்ப்டன் 281 கேரிக்கு 1,660 யார்டு, 15 டச்டவுன், கேரிக்கு 5.9. டச்டவுனும் சராசரியும் ஜான்சன் பக்கம். ஓட்டத்துக்கு அவருக்கு 23, ஹாம்ப்டனுக்கு 22 என்று வைத்துக்கொள்வோம். ஹாம்ப்டன் 12 ஆட்டங்களில் 38 பந்து பிடித்தார், எனவே 16. ஜான்சன் 22 பந்து, எனவே 9. ஹாம்ப்டன் 221 பவுண்டு, 4.46 வினாடி, ஸ்கோர் 112, மதிப்பெண் 9. ஜான்சன் 224 பவுண்டு, 4.57 வினாடி, ஸ்கோர் 103, மதிப்பெண் 7. வயதுக்கு இருவருக்கும் 4. ஹாம்ப்டன் 22ஆம் தேர்வு, 34. ஜான்சன் 83ஆம் தேர்வு, 20. மொத்தம் 85க்கு 63. ஏப்ரலுக்கு முன் இந்தத் தாளைப் போடும்போது டிராஃப்ட் இடத்துக்கு நம்பகமான கணிப்புகள் மூன்று நான்கின் சராசரியை எழுதுங்கள். டிராஃப்ட் முடிந்த அன்றே உண்மை எண்ணை மாற்றிவிடுங்கள்.

காயம் இருந்தால் மொத்தத்தில் கழியுங்கள். 2023 நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்த ஜொனதன் புரூக்ஸை கரோலினா 46ஆம் தேர்வாக எடுத்தது. 2024 டிசம்பரில் அதே முழங்காலில் மறுபடி கிழிந்தது. டிராஃப்டுக்கு முந்தைய ஓராண்டுக்குள் இப்படிப்பட்ட காயம் என்றால் நான் 10 மதிப்பெண் கழிப்பேன்.

அடுக்குகளும் டிராஃப்ட் நாளும்

மதிப்பெண் 85, 84, 83 என்று வந்தால் அது வரிசையல்ல, ஒரே அடுக்கு. 83க்கு அடுத்து 72 என்றால் அங்கே கோடு போடுங்கள். டிராஃப்ட் நாளில் பார்க்க வேண்டியது அந்தக் கோடுகளைத்தான். உங்கள் முறை வரும்போது மேலடுக்கில் மூன்று பேர் மீதமிருந்தால் அவசரமே இல்லை. இரண்டு இடம் பின்னால் நகர்ந்து, அதற்கு ஈடாக அடுத்த ஆண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றைக் கேட்டு வாங்கலாம். ஒருவர்தான் மீதம் என்றால் பேரம் பேசாமல் எடுங்கள்.

ஒரே அடுக்கில் ரன்னிங் பேக்கும் ரிசீவரும் (எறிந்த பந்தைப் பிடிப்பதே வேலையாக உள்ளவர்) இருந்தால், இந்த ஆண்டே கோப்பைக்குப் போகும் அணிக்கு ரன்னிங் பேக், மறுகட்டுமானத்தில் இருக்கும் அணிக்கு ரிசீவர். ரன்னிங் பேக் முதல் ஆண்டிலேயே புள்ளி தருவார், விலையும் சீக்கிரம் இறங்கும். ரிசீவர் மெதுவாக ஏறி நெடுநாள் நிற்பார்.

மூன்றாம், நான்காம் சுற்றுகளில் நடுத்தர மதிப்பெண்காரர்களை விட, ஒரு பத்தியில் மட்டும் தனித்து நிற்பவரை எடுங்கள்: ஆட்டத்துக்கு மூன்று பந்து பிடிப்பவர், அல்லது ஸ்பீடு ஸ்கோர் 110ஐத் தாண்டியவர். லீக்கில் டாக்ஸி ஸ்குவாடு (ஆட வைக்காத புதியவர்களுக்கான தனி இடம்) இருந்தால் அங்கே வையுங்கள், ஆடும் பட்டியலில் இடம் அடைக்க மாட்டார். ஆகஸ்டு பயிற்சி ஆட்டங்களில் அவருடைய யார்டைப் பார்க்காதீர்கள். முதல் அணிக் குவார்ட்டர்பேக்கோடு எத்தனை ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒன்று) நின்றார், மூன்றாம் டவுனில் வெளியே அழைக்கப்பட்டாரா என்று பாருங்கள். செப்டம்பர் கடைசியிலும் ஸ்னாப் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை, முன்னே நிற்பவரின் ஒப்பந்தமும் அந்த ஆண்டோடு முடியவில்லை என்றால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.